கரீபியன் நெடும்பயணம்: முன்பதிவு முதல் கரையேறும் காலை வரை

கரீபியன் கடலில் ஓடும் சொகுசுக் கப்பல்களின் வழக்கமான பயணம் 7 இரவு. இந்த அத்தியாயம் 10 முதல் 14 இரவு வரை நீளும் பயணங்களைப் பற்றியது. நாள் கூடும்போது கப்பல் தெற்கே பார்படாஸ், கிரெனடா, குராசோ, அருபா வரை போக முடிகிறது. சில கப்பல்கள் பனாமா கால்வாய்க்குள் நுழைந்து காட்டூன் ஏரி வரை சென்று திரும்புகின்றன.

கப்பலுக்குள் இருக்கும்வரை சாப்பாடு, படுக்கை, பொழுதுபோக்கு எதற்கும் பயணி அலைய வேண்டியதில்லை. தொல்லைகள் பெரும்பாலும் கப்பலும் கரையும் சந்திக்கும் இடத்தில்தான் முளைக்கின்றன: விசா, தடுப்பூசி அட்டை, தாமதமாகும் விமானம், தவறாகக் காட்டும் கடிகாரம். அதனால் நீச்சல் குளத்தையும் நடன அரங்கையும்விட இவற்றுக்கே இங்கே அதிக இடம் தரப்படுகிறது.

பாதையும் பருவமும்

கரீபியன் பயணங்களை மூன்று திசையாகப் பிரிப்பது வழக்கம். மேற்குப் பாதையில் மெக்சிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, பெலீஸ் வரும். கிழக்குப் பாதையில் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன் வரும். தெற்குப் பாதையில் செயின்ட் லூசியா, மார்ட்டினிக், பார்படாஸ், அருபா, குராசோ, பொனேர் போன்ற தீவுகள். நீண்ட பயணத்துக்குத் தெற்குப் பாதையே பொருத்தம். மற்ற இரண்டையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

புறப்படும் துறைமுகத்தையும் கவனிக்க வேண்டும். மயாமி அல்லது ஃபோர்ட் லாடர்டேலில் ஏறினால் தெற்குத் தீவுகளை எட்டவே இரண்டு நாள் ஆகும், திரும்பவும் அவ்வளவே. கடலைப் பார்த்துக்கொண்டே ஓய்வெடுக்க விரும்புபவருக்கு அது வரம். தீவுகளைப் பார்க்க விரும்புபவர் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறுவது நல்லது. அங்கிருந்து மறுநாள் காலையே ஒரு தீவில் இறங்கிவிடலாம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, கூட்டமும் கட்டணமும் அதிகம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. கப்பல் புயலுக்குள் போய் மாட்டிக்கொள்ளாது, விலகி வேறு பாதையில் போய்விடும். ஆனால் பயணி ஆசையாகத் தேர்ந்தெடுத்த தீவு அதில் விடுபட்டுப் போகலாம். துறைமுகங்களை மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே நிறுவனத்துக்கு உண்டு. வழக்கமாகத் திரும்பக் கிடைப்பது அந்தத் துறைமுகத்துக்கான வரி மட்டுமே. அருபா, பொனேர், குராசோ மூன்றும் புயல்களின் வழக்கமான தடத்துக்குத் தெற்கே இருப்பதால், புயல் பருவத்தில் போக நேர்ந்தால் அவை இடம்பெறும் பயணத்தைத் தேர்வது புத்திசாலித்தனம்.

அறையைத் தேர்வு செய்தல்

ஜன்னலில்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என நான்கு வகை உண்டு. ஒரு வாரத்துக்கு உள் அறை போதும். இரண்டு வாரத்துக்குப் பகலிரவு தெரியாத அறை அலுத்துவிடும் என்பதால், கையில் பணமிருந்தால் பால்கனிக்குச் செலவிடலாம். எந்த வகையானாலும், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு.

குறிப்பு: பணம் கட்டும் முன் தளங்களின் வரைபடத்தில் அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியும் முன்பே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் அறைதான் அமைதியானது.

ஆவணங்கள்: செய்ய வேண்டிய வரிசை

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர் கீழ்க்கண்ட வரிசையை மாற்றக் கூடாது. கப்பலை முதலில் பதிவு செய்துவிட்டு விசாவுக்கு ஓடுவதே பலரும் செய்யும் தவறு.

1. பாஸ்போர்ட் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

2. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுவதென்றால் அமெரிக்க விசா கட்டாயம். அதுவும் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். கப்பல் தீவுகளுக்குப் போய்த் திரும்பும்போது பயணி மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைகிறார். நேர்காணலுக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இது கைக்கு வந்த பிறகே முன்பதிவு.

3. கப்பல் நிற்கும் ஒவ்வொரு தீவையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விசா விதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மார்ட்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்சின் பகுதிகள். அருபாவும் குராசோவும் நெதர்லாந்து அரசைச் சேர்ந்தவை. ஆனால் நான்குமே ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளன. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்துவிடக் கூடாது. பகலில் இறங்கி மாலையில் ஏறும் கப்பல் பயணிகளுக்குப் பல தீவுகள் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் உண்டா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தீவுக்கு விசா இல்லாவிட்டாலும் முழுப் பயணத்துக்கும் ஏற மறுக்கலாம். கட்டிய பணமும் திரும்பாது.

4. பாதையில் ட்ரினிடாட், பனாமா, கொலம்பியா ஏதாவது இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பது அந்த நாடுகள் மட்டுமல்ல. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரிடம் அட்டை இல்லையென்றால் இந்திய அதிகாரிகள் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. 60 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

5. பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் அடங்குகிறதா, நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்ற இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு. அவருடைய கட்டணம் பயணியின் கணக்கில் ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும்போது கைவிட்டுவிடும்.

எச்சரிக்கை: கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்கும்படி விமானம் பதிவு செய்யவே கூடாது. இந்தியாவிலிருந்து புளோரிடாவுக்கு ஒன்றிரண்டு இடங்களில் மாறித்தான் போக முடியும். ஓரிடத்தில் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் தூக்கக் கணக்கும் சரியாகும்.

பெட்டியில் போவதும் போகாததும்

கப்பலில் அஞ்சப்படும் முதல் எதிரி தீ. அதனால் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், தண்ணீர் கொதிக்க வைக்கும் காயில், குட்டி ரைஸ் குக்கர், சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பலகை எல்லாவற்றையும் ஏறும் இடத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அறையில் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டைமுனை பிளக். போன், லேப்டாப் சார்ஜர்கள் இரண்டு மின்னழுத்தத்துக்கும் ஒத்துப்போகும். பிளக்கை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

வீட்டில் செய்த சாப்பாட்டைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பருப்புப்பொடி, முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பிரச்சினை வருவது குறைவு. ஆனால் கப்பலிலிருந்து பழமோ இறைச்சியோ எடுத்துக்கொண்டு தீவில் இறங்கினால் அபராதம் உண்டு. காலை உணவில் எடுத்துப் பையில் போட்ட வாழைப்பழமும் இதில் சேரும்.

பார்படாஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, ஜமைக்கா, ட்ரினிடாட், கிரெனடா உள்ளிட்ட பல தீவுகளில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. குழந்தையின் தொப்பியானாலும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பவளப் பாறைகளைக் காக்கச் சில சன்ஸ்கிரீன் ரசாயனங்களை அருபா, பொனேர், அமெரிக்க வர்ஜின் தீவுகள் தடை செய்துள்ளன. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இல்லாத, ஜிங்க் ஆக்சைடு வகையை வாங்குவது நல்லது.

குறிப்பு: அறையின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு. நாலைந்து காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத் துண்டு எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். பல கப்பல்களின் குளியலறையில் சுவரோடு ஒட்டிய வட்ட மூடிக்குள் ஒரு கயிறு சுருண்டிருக்கும். இழுத்து எதிர்ச்சுவரில் மாட்டினால் துணிக்கொடி தயார். இரண்டு வாரத்துக்கு ஒரு வார உடை போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

ஏறும் நாள்

1. நிறுவனத்தின் செயலியில் முன்கூட்டியே விவரங்களைப் பதிந்து, துறைமுகத்துக்கு வர வேண்டிய நேரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

2. பெரிய பெட்டிகளில் அறை எண் அச்சிட்ட அட்டையைக் கட்டித் துறைமுகக் கூலியாட்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவை அறைக்கு வர மாலையாகிவிடும். பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுடை மூன்றும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு வரிசையில் நின்று தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள்.

3. ஏறியதும் மஸ்டர் எனப்படும் அவசரகாலப் பயிற்சியை முடித்துவிட வேண்டும். 7 குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி எழுந்தால் குறித்த இடத்தில் கூட வேண்டும் என்பது பொருள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பல நூறு பயணிகளுக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதி கடுமையாக்கப்பட்டது.

4. அறையில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, குழந்தை அளவில் உண்டா என்று பார்த்து, படிக்கட்டு வழியாகக் கூடுமிடம் வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். லிஃப்ட் அவசரத்தில் உதவாது.

5. சைவம் சாப்பிடுபவர் முதல் மாலையே உணவரங்கின் தலைமைப் பரிசாரகரைச் சந்திக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் சமையலறையில் இந்தியச் சமையல்காரர்கள் பலர் வேலை செய்கிறார்கள். முந்தின இரவு சொல்லிவைத்தால் மறுநாள் பருப்பும் சோறும் வந்துவிடும். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த காய்கறிதான்.

கடலில் கழியும் நாள்கள்

மயாமியிலிருந்து தென்கிழக்கே போகும் கப்பல் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை எதிர்த்துப் போகிறது. அதனால் முதல் இரண்டு நாளில்தான் ஆட்டம் அதிகமாகத் தெரியும். குமட்டல் மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் படுக்கையில் புத்தகத்தோடு கிடக்காமல் திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்பது உதவும்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரவைக்கும் நோரோ வைரஸ் மூடிய கப்பலில் வேகமாகப் பரவும். உணவரங்க வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி கழுவுவதே காப்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அங்கே வரும் கப்பல்களைச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தேர்ச்சியில்லை. முன்பதிவுக்கு முன்பே பார்த்துவிடலாம்.

போனை விமான நிலைக்கு மாற்றிவிட்டுக் கப்பலின் வைஃபையை மட்டும் பயன்படுத்த வேண்டும். மாற்ற மறந்தால் கப்பலின் செயற்கைக்கோள் செல்பேசி வலையில் போன் தானாக இணைந்து, ஊர் திரும்பியதும் ரோமிங் பில் வந்து நிற்கும்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியான அட்டையிலேயே எல்லாம் கணக்காகும். இது தவிர ஊழியர் சேவைக் கட்டணம் தலைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை தானாகச் சேரும். இருவருக்கு 14 இரவில் அது 450 முதல் 560 டாலர். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவருக்கு அதிர்ச்சி தரும் தொகை இது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்து, குடிக்காத பானத்துக்குப் போட்ட பில்லை அன்றே நீக்கச் சொல்ல வேண்டும்.

கரையில் ஒரு பகல்

தீவில் கிடைப்பது வழக்கமாக 7 முதல் 9 மணி நேரம். அதில் இறங்கவும் ஏறவும் ஆகும் நேரத்தைக் கழித்துவிட வேண்டும். கிராண்ட் கேமன், பெலீஸ் போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையோரம் நிற்க முடியாது; டெண்டர் படகில்தான் போய்வர வேண்டும். அங்கே இரு வழிக்குமாகச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

முதல் விதி கடிகாரம். போன் தீவின் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். கப்பலோ தன் நேரத்தில் இருக்கும். கோடையில் மயாமி நேரம் ஒரு மணி முன்னே நகர்கிறது. ஜமைக்காவும் கேமனும் ஆண்டு முழுவதும் நகர்வதில்லை. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கப்பலில் மணி 5 ஆகும்போது போன் 4 என்று காட்டும். துறைமுகத்தில் கப்பலை நோக்கி மூச்சிரைக்க ஓடுபவர்களில் சிலர் இந்த ஒரு மணி நேரத்தில் ஏமாந்தவர்கள். கையில் கட்டும் சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, தீவில் அதை மட்டுமே பார்க்க வேண்டும்.

நிறுவனமே நடத்தும் சுற்றுலா விலை கூடியது. ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனமே கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே டாக்ஸி பிடிப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே தூரமான இடத்துக்கு நிறுவனச் சுற்றுலா, பக்கத்து இடத்துக்குச் சொந்த ஏற்பாடு என்று பிரித்துக்கொள்ளலாம். செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸில் இறங்கி, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் பிட்டன் மலைகளைப் பார்க்கப் போவது முதல் வகை. டொமினிக்காவின் கொதிக்கும் ஏரி எந்த வகையிலும் சேராது. நடைக்கே ஏறக்குறைய 6 மணி நேரமாகும். துறைமுக நாளுக்கு அது ஆகாது.

குராசோவின் வில்லம்ஸ்டாட் சொந்தமாக நடந்து பார்க்க ஏற்ற நகரம். பெரிய கப்பல்கள் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே குயீன் எம்மா பாலத்துக்கு வந்துவிடலாம். 1888-இல் கட்டிய இந்தப் பாலம் படகுகளின் மேல் மிதக்கிறது. கப்பல் வந்தால் மணி அடிக்கும். பாலம் ஒரு முனையை ஊன்றி, நடப்பவர்களையும் சுமந்துகொண்டே ஒரு பக்கமாகச் சுழன்று ஒதுங்கும். ஆரஞ்சுக் கொடி ஏற்றினால் சிறிது நேரத்தில் மூடிவிடும். நீலக் கொடி என்றால் நெடுநேரம் திறந்தே இருக்கும். அப்போது பக்கத்திலேயே இலவசப் படகு ஓடும். அக்கரையில் நீலக் கொடியைப் பார்த்ததும் படகுத்துறைக்குப் போய்விட வேண்டும், பாலத்தடியில் காத்து நிற்கக் கூடாது.

குவாதலூப்பில் நிற்கும் கப்பலாக இருந்தால் தமிழ் வாசகருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். கபெஸ்டேர் பெல் ஓ ஊரில் சாலையோரத்திலேயே சாங்கி கோயில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் 'கொலம்போ' என்ற பெயரில் வருவது மல்லி, சீரகம், மஞ்சள் சேர்த்த குழம்பு. சைவர்கள் இறைச்சி சேர்ந்ததா என்று கேட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே பேச்சு பிரெஞ்சும் கிரியோலும், பணம் யூரோ. டாலரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

கடற்கரையில் பாதுகாப்பு

பார்படாஸ், செயின்ட் லூசியா போன்ற தீவுகளின் மேற்குக் கரை கரீபியன் கடலைப் பார்க்கிறது. அலை அடக்கமாக இருக்கும். கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்க்கிறது. பார்படாஸின் பாத்ஷீபா போன்ற கிழக்குக் கரைகள் படமெடுக்க அழகு, குளிக்க ஆபத்து. பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை.

சின்ட் மார்ட்டனின் மாஹோ கடற்கரையில் விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். பார்ப்பதில் தவறில்லை. கிளம்பும் விமானத்தின் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் கூடவே கூடாது. 2017-இல் என்ஜின் காற்று தூக்கி எறிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார்.

எச்சரிக்கை: மஞ்சினீல் என்ற மரம் பல கடற்கரைகளில் நிழல் தந்து நிற்கும். காய் சிறிய பச்சை ஆப்பிள் போல இருக்கும், மணமும் இனிமை. காய், இலை, பால் எல்லாமே நஞ்சு. மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். அடிக்காத மரங்களும் உண்டு. குழந்தைகளிடம் கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடாதே என்று சொல்லிவைப்பதே வழி.

கப்பல் போய்விட்டால்

காலையில் இறங்கும் முன் இரண்டு காரியம் செய்திருந்தால் இது சமாளிக்கக்கூடிய தொல்லைதான். அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட், அமெரிக்க விசா இரண்டின் நகலும் ஒரு கிரெடிட் கார்டும் பையில் இருக்க வேண்டும்.

1. நேரே துறைமுக முகவரிடம் போக வேண்டும். பயணி வராவிட்டால் ஊழியர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை முகவரிடம் விட்டுச் செல்வது வழக்கம்.

2. அடுத்த துறைமுகத்துக்கு விசா தேவையா என்று அவரிடம் கேட்ட பிறகே விமானம் பதிவு செய்ய வேண்டும்.

3. எல்லா ரசீதையும் காப்பீட்டுக்காகச் சேர்த்து வைக்க வேண்டும்.

கடைசி இரவும் கரையேற்றமும்

கடைசி இரவு 10, 11 மணிக்குள் பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அவை மறுநாள் துறைமுகக் கொட்டகையில்தான் கிடைக்கும். காலையில் போட்டுக்கொள்ள வேண்டிய உடையையும் செருப்பையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுவது இங்கே நடக்கும் பழைய தவறு. பெட்டியைத் தானே தூக்க முடிந்தவர் வாசலில் வைக்காமல், முதல் ஆளாக இறங்கிப் போய்விடலாம்.

கப்பல் விடியற்காலையில் கரை தொட்டாலும் குடியேற்றச் சோதனை முடிய நேரமாகும். ஃபோர்ட் லாடர்டேல் அல்லது மயாமியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு முன் கிளம்பும் விமானத்தைப் பதிவு செய்யாமலிருப்பது நல்லது. தீவுகளில் வாங்கிய பழம், செடி, இறைச்சிப் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இறுதிக் கணக்கைக் கடைசி மாலையிலேயே சரிபார்ப்பது உத்தமம். காலையில் விருந்தினர் சேவை மேசையின் முன் வரிசை நீண்டுவிடும். கரையேறிய பிறகு தவறான பில்லைத் திருத்த மின்னஞ்சல்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட நேரும்.